காமா-செக்ரெடேஸ் என்னும் பாக்குவெட்டி

உயிர்வேதியியல் முதுநிலை மாணவர் ஒருவரின் கேள்வி இது: அல்சைமர் நோயோடு தொடர்புடைய காமா-செக்ரெடேஸ் என்ற என்சைம் கூட்டில் எந்தெந்தப் புரதங்கள் இருக்கின்றன? ஒரு நூலில் பிரெசெனிலின்தான் காமா-செக்ரெடேஸ் என்று இருக்கிறது. இன்னொரு நூலில் நான்கு புரதங்கள் என்று இருக்கிறது. எது சரி? அந்த என்சைமை மருந்தால் நிறுத்திவிட்டால் நோய் நின்றுவிடாதா? பாட்டிக்கு 78 வயதில் அல்சைமர் வந்தது. பேரனான நான் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரெசெனிலின், நிகாஸ்ட்ரின், ஏபிஎச்-1, பென்-2 ஆகியவையே அந்த நான்கு. ஒரு கூட்டில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு மூலக்கூறு. வெட்டுகிற வாய் பிரெசெனிலினில் இருக்கிறது. ஆனால் மற்ற மூன்றும் வந்து சேராமல் அந்த வாய் திறக்காது. ஆகவே உங்கள் முதல் நூல் தவறு சொல்லவில்லை, கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறது. மருந்தால் நிறுத்தும் யோசனையை ஏற்கெனவே முயன்று பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அதையும் உங்கள் பாட்டியைப் பற்றியும் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கூட்டு எதை வெட்டுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஏபிபி என்றொரு புரதம் நரம்பு செல்லின் சவ்வில், துணியில் பாதி குத்தி நிற்கும் ஊசிபோல நிற்கிறது. உடலின் பெரும்பகுதி செல்லுக்கு வெளியே, சிறிய வால் உள்ளே. பீட்டா-செக்ரெடேஸ் என்ற என்சைம் சவ்வுக்கு வெளியே ஓரிடத்தில் அதை வெட்டுகிறது. வெளியே இருந்த பெரிய தலை கழன்று போக, 99 அமினோ அமிலங்கள் கொண்ட அடிக்கட்டை சவ்விலேயே தங்குகிறது. இதை சி99 என்பார்கள். அந்த அடிக்கட்டையைச் சவ்வின் நடுவிலேயே வைத்து வெட்டுவதுதான் காமா-செக்ரெடேஸின் வேலை. அப்போது வெளிப்பக்கம் விழும் துண்டுதான் அமிலாய்டு பீட்டா. நோயாளிகளின் மூளையில் காணப்படும் படிவுகளின் மூலப்பொருள் அது. நோயில்லாத உங்கள் மூளையிலும் என் மூளையிலும் இந்த வெட்டு ஓயாமல் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

தேர்வுத் தாள்களில் அடிக்கடி பார்க்கும் ஒரு பிழையை இங்கேயே திருத்திவிடுகிறேன். பேஸ்-1 என்று அழைக்கப்படும் பீட்டா-செக்ரெடேஸ் இந்தக் கூட்டின் உறுப்பினர் கிடையாது. அது தனி ஆள், தனியாகவே வேலை செய்கிறது. டௌ புரதமும் அபோ-ஈ புரதமும் அல்சைமர் கதையில் பெரிய பாத்திரங்கள்தாம். ஆனால் அவையும் இந்தக் கூட்டைச் சேர்ந்தவை அல்ல.

சவ்வின் நடுவில் வெட்டுவது என்பதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அதில்தான் இந்த என்சைமின் விசித்திரம் முழுவதும் இருக்கிறது. புரதச் சங்கிலியை அறுக்கத் தண்ணீர் வேண்டும். நீர் மூலக்கூறு ஒன்று பிணைப்பைத் தாக்கி அதை உடைக்க வேண்டும். சவ்வின் உள்புறமோ முழுக்கக் கொழுப்பு. எண்ணெய்ச் சட்டிக்குள் தண்ணீரை வைத்து வேலை வாங்குவது போன்ற காரியம் இது. கொழுப்புக்குள் புரதம் வெட்டப்படும் என்பதைத் தொடக்கத்தில் பலர் நம்பத் தயங்கியதில் வியப்பில்லை.

இனி பிரெசெனிலின். 1995இல், இளவயதிலேயே அல்சைமர் வரும் குடும்பங்களை ஆராய்ந்தபோது 14ஆம் குரோமோசோமில் ஒரு மரபணு சிக்கியது. அதே ஆண்டிலேயே 1ஆம் குரோமோசோமில் அதன் உடன்பிறப்பும் அகப்பட்டது. இரண்டாவது கிடைத்தது வோல்கா ஜெர்மானியர்கள் எனப்படும் குடும்பங்களில். ஜெர்மனியிலிருந்து ரஷ்யாவின் வோல்கா நதிக்கரைக்குப் போய்க் குடியேறி, அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்களின் சந்ததி. முதுமைக்கு முன்பே வரும் மறதியைக் குறிக்கும் மருத்துவச் சொல்லை வைத்தே பிரெசெனிலின்-1, பிரெசெனிலின்-2 என்று பெயரிட்டார்கள். மரபணு கிடைத்துவிட்டது, ஆனால் அந்தப் புரதம் என்ன செய்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை.

முதல் துப்பு ஒரு புழுவிடமிருந்து வந்தது. நியூயார்க்கில் ஐவா கிரீன்வால்டின் ஆய்வகம் மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் நாட்ச் என்ற சமிக்ஞைப் பாதையை ஆராய்ந்துகொண்டிருந்தது. கரு வளரும்போது எந்தச் செல் என்னவாக வேண்டும் என்று அண்டைச் செல்லிடம் சொல்லும் பாதை அது. அந்தப் புழுவில் 'செல்-12' (sel-12) என்ற மரபணு பழுதானால் முட்டையிட முடியாது. அந்த மரபணுவின் வரிசையை எடுத்துப் பார்த்தால், அல்சைமர் குடும்பங்களில் கிடைத்த மரபணுவின் சாயல். பிறகு மனிதப் பிரெசெனிலின் மரபணுவைப் பழுதுபட்ட புழுவுக்குள் செலுத்தினார்கள், புழு முட்டையிட்டது. மூளை நோய்க்கும் புழுவின் முட்டைக்கும் என்ன உறவு என்று அப்போது சிரித்தவர்கள், பிரெசெனிலின்-1 இல்லாத எலிக்குட்டிகள் எலும்புக்கூடு சரியாக உருவாகாமல் பிறப்பையொட்டியே இறந்ததை 1997இல் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. நாட்ச் பழுதான எலிகளின் கோளாறும் இதைப் போன்றதுதான். இந்த நாட்ச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்து நிற்கும்.

1998இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் பார்ட் டி ஸ்ட்ரூப்பர் குழு பிரெசெனிலின்-1 இல்லாத எலிகளின் நரம்பு செல்களை எடுத்துப் பார்த்தது. அமிலாய்டு பீட்டா ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அப்படியானால் பிரெசெனிலின்தான் கத்தியா, இல்லை கத்திக்கு உதவியாளா? 1999இல் மைக்கேல் வுல்ஃபும் அவரோடு பணியாற்றியவர்களும் பிரெசெனிலினில் 257ஆம் இடத்திலும் 385ஆம் இடத்திலும் இருக்கும் ஆஸ்பார்டேட் என்ற இரண்டு அமினோ அமிலங்களில் ஏதாவது ஒன்றை மாற்றினாலே வெட்டு நின்றுபோகிறது என்று காட்டினார்கள். இரண்டு ஆஸ்பார்டேட்டுகள் எதிரெதிரே நின்று நடுவில் ஒரு நீர் மூலக்கூறைப் பிடித்து வெட்டும் என்சைம் குடும்பம் ஏற்கெனவே அறிந்ததுதான். வயிற்றில் இருக்கும் பெப்சின் அந்த வகை. அதே உத்தியைச் சவ்வுக்குள் செய்யும் பிறவி இது.

பிரெசெனிலின் சவ்வை ஒன்பது முறை ஊடுருவி ஓடுகிறது. ஆறாவது ஊடுருவலில் 257, ஏழாவதில் 385. இந்த இரண்டுக்கும் இடையிலிருக்கும் வளையத்தில் பிரெசெனிலின் தன்னைத்தானே ஒருமுறை வெட்டிக்கொள்கிறது. வெட்டிய பிறகும் இரண்டு துண்டுகளும் பிரிவதில்லை. கூட்டுக்குள் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு ஆஸ்பார்டேட் ஒரு துண்டில், இன்னொன்று மற்றதில். பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரு கைகளும் அச்சில் சேர்ந்தால்தான் பாக்கு நறுங்கும்; ஒற்றைக் கையால் ஒன்றும் ஆகாது.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூளைத் திசுவின் சவ்வுகளைக் கரைத்து, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, பிரெசெனிலினின் முன்பகுதியை அடையாளம் காணும் எதிர்ப்பொருளைப் போட்டால் பட்டை ஏறத்தாழ 30 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) தெரியும்; பின்பகுதிக்கான எதிர்ப்பொருளைப் போட்டால் 20க்குப் பக்கத்தில். முழுப் புரதம் 50ஐ ஒட்டித் தெரிய வேண்டும். அது இருக்கவே இருக்காது, அல்லது மங்கலாக ஒரு கீற்று. புதிதாக வரும் மாணவர்கள் எல்லாப் புரதங்களுக்கும் செய்வதுபோல மாதிரியை 95 டிகிரியில் கொதிக்கவைத்துவிடுவார்கள். நானும் முதல் மாதம் அதைத்தான் செய்தேன். பல முறை சவ்வைக் கடக்கும் புரதம் கொதித்தால் தயிர் திரிவதுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஜெல்லுக்குள் இறங்காமல் உச்சியிலேயே அழுக்குப்போலத் தேங்கி நிற்கும். மூன்று வாரம் எதிர்ப்பொருளைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். சவ்வைக் கரைக்கும் பொருளிலும் கவனம் வேண்டும். சாப்சோ போன்ற மென்மையான கரைப்பானில் நான்கு புரதங்களும் கட்டுக்கோப்பாக இருக்கும், வெட்டும் திறனும் மிஞ்சும். எல்லா ஆய்வகங்களிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ட்ரைட்டன் எக்ஸ்-100ஐ ஊற்றினால் கூட்டு குலைந்து வெட்டு நின்றுவிடும். இந்த என்சைமை நெடுங்காலம் யாராலும் தூய்மைப்படுத்த முடியாமல் போனதற்கு இப்படிச் சின்னச் சின்னக் காரணங்கள் நிறைய.

நிகாஸ்ட்ரின் 2000ஆம் ஆண்டு கிடைத்தது. கனடாவின் டொராண்டோவில் பிரெசெனிலினைத் தூண்டிலாகப் போட்டு இழுத்தபோது அதோடு ஒட்டிக்கொண்டு வந்த புரதம். தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில் இருக்கும் நிகாஸ்ட்ரோ என்ற ஊரின் பெயரை இதற்கு வைத்தார்கள். இளவயது அல்சைமரின் மரபணுவைத் தேடிய ஆய்வுகளில் முக்கியமான ஒரு பெருங்குடும்பத்தின் பூர்விகம் அந்த ஊர். நோயைச் சுமந்த ஒரு குடும்பத்தின் ஊர்ப்பெயர் புரதத்தின் பெயராக நிற்பது எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும், கொஞ்சம் பிடிக்கவும் செய்யும்.

709 அமினோ அமிலங்கள் கொண்ட இது நால்வரில் பெரியது. சவ்வை ஒரே ஒரு முறைதான் கடக்கிறது. மற்ற உடல் முழுவதும் செல்லுக்கு வெளியே, மேலெங்கும் சர்க்கரைக் கிளைகளோடு, பெரிய கூரைபோலப் பிரெசெனிலினின் மேல் கவிந்திருக்கிறது. இது ஏன் என்பதில் நீண்ட நாள் சண்டை. வெட்டப்பட வேண்டிய புரதத்தின் நுனியை நிகாஸ்ட்ரின் கையால் பிடித்து வாங்குகிறது என்று 2005இல் ஒரு விளக்கம் வந்தது. பிறகு வந்த ஆய்வுகள் அதைவிட எளிமையான ஒன்றைக் காட்டின, எனக்கு அதுவே சரியாகப் படுகிறது. நிகாஸ்ட்ரின் தாழ்ந்த நிலைப்படிபோல. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலை பெரிதாக இருந்தால் இடிக்கும், உள்ளே நுழைய முடியாது. முதலில் வேறொரு என்சைம் தலையைக் கழித்துவிட்டால்தான் அடிக்கட்டை வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். பீட்டா-செக்ரெடேஸின் வெட்டு முதலில், காமாவின் வெட்டு பிறகு என்ற வரிசை ஒருபோதும் மாறாததற்குக் காரணம் இதுதான்.

ஏபிஎச்-1, பென்-2 இரண்டும் 2002இல் அதே புழுவின் வழியாக வந்தன. ஏபிஎச்-1 சவ்வை ஏழு முறை கடக்கிறது. கூட்டுக்குத் தூண் அது. மனிதர்களில் ஏ, பி என்று இரண்டு வகை. பிரெசெனிலினும் இரண்டு வகை என்பதால் நம் உடலில் காமா-செக்ரெடேஸ் என்பது ஒரே என்சைம் இல்லை. குறைந்தது நான்கு விதமான சேர்க்கைகள். பென்-2 வெறும் 101 அமினோ அமிலங்கள். சிறிய ஆள்தான், ஆனால் அது வந்து உட்கார்ந்த பிறகுதான் பிரெசெனிலின் தன்னை வெட்டிக்கொண்டு வேலைக்குத் தயாராகிறது. கூட்டு சேரும் வரிசையும் ஓரளவு தெளிவு: முதலில் நிகாஸ்ட்ரினும் ஏபிஎச்-1உம் ஜோடி சேர்கின்றன, பிறகு பிரெசெனிலின், கடைசியில் பென்-2.

இந்த நான்கு போதுமா, ஐந்தாவது ஆள் ஒளிந்திருக்கிறாரா என்று கேட்கலாம். அதற்கான சோதனை 2003இல் வந்தது. ரொட்டி உப்பவைக்கும் ஈஸ்ட்டில் காமா-செக்ரெடேஸ் அறவே கிடையாது. அதற்குள் மனிதர்களின் நான்கு மரபணுக்களையும் செலுத்தினார்கள். வெட்டு நடந்தது. நான்கில் ஒன்றை எடுத்தாலும் நடக்கவில்லை. கூட்டின் வேகத்தையோ இருப்பிடத்தையோ மாற்றும் வேறு புரதங்கள் பற்றி அவ்வப்போது அறிக்கைகள் வருகின்றன. அவற்றைத் துணையாளர்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம், உறுப்பினர்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

2015இல் பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தின் யிகோங் ஷி குழுவும் கேம்பிரிட்ஜின் ஷோர்ஸ் ஷெர்ஸ் குழுவும் சேர்ந்து, உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் அணுக்களின் அளவை ஒட்டிய 3.4 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் இதைப் படம்பிடித்தார்கள். சவ்வுக்குள் மொத்தம் இருபது சுருள்கள்: பிரெசெனிலினுக்கு ஒன்பது, ஏபிஎச்-1க்கு ஏழு, பென்-2க்கு மூன்று, நிகாஸ்ட்ரினுக்கு ஒன்று. மேலிருந்து பார்த்தால் குதிரை லாடம்போல வளைந்து நிற்கின்றன. 2019இல் அதே குழு ஏபிபி துண்டு உள்ளே மாட்டியிருக்கும் நிலையிலும் படமெடுத்தது. வெட்டுப்படும் இடத்தில் சுருள் அவிழ்ந்து நேரான நாடாபோல நீண்டிருந்தது. சுருண்ட கயிறைப் பிரித்துவைத்து அறுப்பதுபோலத்தான்.

இப்போது நோய்க்கு வருவோம். காமா-செக்ரெடேஸ் ஒரே வெட்டில் வேலையை முடிப்பதில்லை. முதல் வெட்டு சவ்வின் உள்விளிம்பை ஒட்டி விழுகிறது. அதில் 49 அல்லது 48 அமினோ அமிலங்கள் கொண்ட நீளமான அமிலாய்டு பீட்டா வரும். பிறகு அதே துண்டைப் பிடித்துக்கொண்டே பெரும்பாலும் மூன்று மூன்றாக நறுக்கிக்கொண்டு வருகிறது: 49, 46, 43, 40. இன்னொரு வழியில் 48, 45, 42, சில சமயம் 38 வரைக்கும். வழக்கமாகப் பெரும்பங்கு 40இல் முடியும்; 42 பத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்தக் கூடுதல் இரண்டு அமினோ அமிலங்கள் நீரை வெறுப்பவை. அதனால் 42 எளிதில் ஒன்றோடொன்று ஒட்டி இழையாகிப் படிந்துவிடும்.

பிரெசெனிலின்-1இல் மட்டும் நோய் தரும் பிறழ்வுகள் 300க்கு மேல் பதிவாகியிருக்கின்றன. மிகவும் அறியப்பட்டது கொலம்பியாவின் ஆன்டியோக்கியா மலைப்பகுதியில், பிரான்சிஸ்கோ லோப்பேரா என்ற நரம்பியல் மருத்துவர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த பெருங்குடும்பம். பிரெசெனிலின்-1இன் 280ஆம் இடத்தில் குளுட்டமேட் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக அலனின். அவ்வளவுதான் மாற்றம். அதைச் சுமப்பவர்களுக்கு நாற்பதுகளின் நடுவில் ஞாபகம் தடுமாறத் தொடங்கி, ஐம்பதை எட்டும் முன்னரே முழு மறதிநோய் வந்துவிடுகிறது.

இந்தப் பிறழ்வுகள் கத்தியைக் கூராக்குகின்றன, அதனால் அமிலாய்டு பெருகுகிறது என்று நெடுங்காலம் பாடம் நடத்தினோம். நானும் நடத்தியிருக்கிறேன். 2017இல் 138 பிறழ்வுகளை ஒன்றுவிடாமல் தனித்தனியாகத் தயாரித்துச் சோதித்தபோது, ஏறத்தாழ 90 சதவீதத்தில் 40, 42 இரண்டின் உற்பத்தியுமே குறைந்திருந்தது. கத்தி மழுங்கியிருக்கிறது. மழுங்கிய கத்தி கடைசிவரை நறுக்காமல் பாதியில் கைவிடுகிறது. அதனால் பல பிறழ்வுகளில் மொத்தம் குறைந்தாலும் நீளமான துண்டுகளின் விகிதம் ஏறுகிறது. எல்லாப் பிறழ்வுகளும் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. பத்தில் ஒன்றில் 42இன் விகிதமும் இறங்கியிருந்தது. அமிலாய்டுதான் காரணமா, மழுங்கிய வெட்டே காரணமா என்று இன்றும் இரு கட்சிகளாக வாதிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் பிறழ்வு என்றால் 'அதிக வேலை' என்று இனி எழுதினால் நான் மதிப்பெண் தர மாட்டேன்.

என்சைமை நிறுத்தும் உங்கள் கேள்விக்கு விடை இங்கே பாதி கிடைத்துவிட்டது. ஏற்கெனவே மழுங்கியதை முழுக்க நிறுத்தினால் என்ன ஆகும்? எலி லில்லி நிறுவனம் செமகாசெஸ்டாட் என்ற தடுப்பு மருந்தை 2,600க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் மூன்றாம் கட்டமாகச் சோதித்தது. 2010 ஆகஸ்டில் பாதியில் நிறுத்தினார்கள். மருந்து எடுத்துக்கொண்டவர்களின் அன்றாடச் செயல்திறன், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மோசமாகிக்கொண்டு போனது. தோல் புற்றுநோயும் கூடியது. காரணங்களில் ஒன்று, நான் நினைவில் வைக்கச் சொன்ன நாட்ச். காமா-செக்ரெடேஸ் ஏபிபிக்காகப் பிறந்ததில்லை. நாட்ச், ஈ-கேட்ஹெரின், சிடி44 என்று அது வெட்டும் புரதங்கள் நூற்றுக்கு மேல். நாட்ச் வெட்டுப்படாவிட்டால் தோலும் குடலும் தங்களைச் சரியாகப் புதுப்பித்துக்கொள்ள முடியாது.

இதற்கு இயற்கையே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டிகள் மீண்டும் மீண்டும் சீழ்பிடிக்கும் ஒரு தோல் நோய் சில சீனக் குடும்பங்களில் தலைமுறையாக வந்தது. 2010இல் காரணம் தெரிந்தது: நிகாஸ்ட்ரின், பென்-2, பிரெசெனிலின்-1 மரபணுக்களில் பழுது. ஒரே கூட்டு, ஒரு வகைப் பழுது மூளையில் தெரிகிறது, இன்னொரு வகை தோலில். இந்த முரணை முழுதாக விளக்கும் ஆள் இன்னும் வரவில்லை. உங்களுக்கு ஆய்வுத் தலைப்பு தேடும் எண்ணமிருந்தால் இதைவிட நல்ல இடம் தெரியாது.

தடுப்பு மருந்துகள் வீணாகிப்போய்விடவில்லை. அதே வகையைச் சேர்ந்த நிரோகாசெஸ்டாட், தசைநார்களை ஒட்டி வளரும் டெஸ்மாய்டு என்ற கட்டிகளுக்காக 2023 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அல்சைமருக்கோ, என்சைமை நிறுத்தாமல் 42க்குப் பதிலாக 38, 37 என்று இன்னும் குட்டையாக நறுக்கவைக்கும் மருந்துகளைத் தேடுகிறார்கள். மாடுலேட்டர்கள் என்று பெயர். மழுங்கிய கத்தியை உறையில் போடுவதைவிடச் சாணை பிடிப்பது புத்திசாலித்தனம் என்பதால் என் பந்தயம் இவற்றின் மீதுதான்.

பாட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். நான் மேலே சொன்ன பிரெசெனிலின் பிறழ்வுகள் அல்சைமர் நோயாளிகளில் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களிடமே இருக்கின்றன. அந்தக் குடும்பங்களில் நோய் தலைமுறைதோறும், பெரும்பாலும் அறுபது வயதுக்கு முன்பே தலைகாட்டும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வரும் வாய்ப்புண்டு. பாட்டிக்கு 78இல் வந்தது. அவருடைய பிள்ளைகளோ உடன்பிறந்தவர்களோ ஐம்பதுகளில் தடுமாறியதில்லை என்றால் இந்த மரபணுக்களைச் சோதிக்க எந்தக் காரணமும் இல்லை. அப்படி யாராவது இருந்தால், ரத்தம் கொடுப்பதற்கு முன் மரபியல் ஆலோசகர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். முடிவு கையில் வந்த பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.